இரவில் நிப்பிள் விழுந்தால்…



கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகும். ரப்பர் நிப்பிளைச் சப்பியபடியே தூங்கிய குழந்தை, அப்போது வாயில் அது இல்லையென்றால் அழும். எல்லா அழுகையும் பசியல்ல.

கண் சொருகும்போதே நிப்பிளை மெல்ல எடுத்துவிட்டுத் தட்டிக்கொடுங்கள். அழுதால் கொடுத்து, மறுபடி எடுங்கள். பொறுமையாகச் செய்தால் பழகிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இரவில் பாலுக்கு எழுவது இயல்பு, பால் கொடுத்துவிடுங்கள்.

தூளியோ தொட்டிலோ, இரண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். நிப்பிளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டாதீர்கள், கழுத்தை இறுக்கிவிடும். தேனில் தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நோய் வரலாம். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.