சிக் றூமும் இரண்டு டொலரும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கல்லூரியின் பெருமைகளைப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவம் படிக்கப் போன எங்களிடம் பெண்களின் சுகநலம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. நாங்கள் சிக் றூமிலிருந்து தொடங்குகிறோம்.

காலைப் பிரார்த்தனையில் யாராவது மயங்கி விழுந்தால் இரண்டு பேர் தாங்கிக்கொண்டுபோய் அங்கேதான் படுக்க வைப்போம். சுடுதண்ணிப் போத்தல், தேத்தண்ணி, இரண்டு பனடோல். “எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் வாறதுதானே, பொறுத்துக்கொள்ளுங்கோ.” சொன்னவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

எங்கள் வகுப்பில் ஒருத்தி மாதம் மூன்று நாள் வரமாட்டாள். பதினான்கு வயதில் தொடங்கிய நோவு. அவளுக்குப் படிப்பில் கள்ளம் என்று நாங்களே பகிடி பண்ணினோம். முப்பத்திரண்டு வயதில், பிள்ளை இல்லையென்று வைத்தியரிடம் போனபோது லப்பரோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். என்டோமெற்றியோசிஸ். பதினெட்டு வருடத்துக்குப் பிறகுதான் அவளது நோவுக்குப் பெயர் கிடைத்தது. பெயர் சொல்லாமல் சொல்லுங்கள் என்று அவளே சம்மதம் தந்தாள்.

கருப்பையின் உட்சுவரைப் போன்ற இழையம் சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளர்வதுதான் இந்த நோய். உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது பிள்ளை பெறும் வயதிலுள்ள பத்துப் பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஜோன் சாம்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1920களில் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். மாதவிடாய் இரத்தம் குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதே காரணம் என்றார். அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ சிலருக்குத்தான். ஏன் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. எங்கள் கல்லூரியின் வயதுதான் அந்தக் கேள்விக்கும்.

விடை தேடப் பணம் வேண்டும். மருத்துவ ஆய்வுக்கு உலகில் ஆகக்கூடிய அரச பணம் கொடுப்பது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள். 2022இல் வெளியான ஒரு கணக்கின்படி அங்கே நீரிழிவு நோயாளி ஒருவருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 31 டொலர் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது. குறோன்ஸ் என்ற குடல் நோய்க்கு 130 டொலர். என்டோமெற்றியோசிஸுக்கு 2 டொலர். குறோன்ஸ்காரருக்குக் கூடிப்போச்சு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதுவும் பொல்லாத நோய்தான். எங்கள் தோழியின் பதினெட்டு வருடம் இரண்டு டொலருக்குள் அடங்கிப்போனதைத்தான் சொல்கிறோம்.

இந்த நோய் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. சாவை எண்ணுவது சுகம். பாடசாலைக்கு வராத நாளை, விட்ட வேலையை, இரவில் குந்தியிருந்து விடியும்வரை பல்லைக் கடித்ததை எண்ணுவது கடினம். எண்ணாததற்கு யார் பணம் தருவார்கள்? பணம் இல்லாததால் இலகுவான பரிசோதனை வருவதில்லை. பரிசோதனை இல்லாததால் நோயைக் கண்டுபிடிப்பதில்லை, பிறகு எண்ணவும் முடிவதில்லை. ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு மாதவிடாய் வராது என்பது வேறு ஒரு கஷ்டம்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் காத்திருக்கும்போது, “பீரியட்ஸ் நோவு டொக்டர்” என்று தாயோடு வந்து நின்ற பிள்ளைகளுக்கு நாங்களும் வில்லையை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஸ்கானில் ஒன்றும் தெரியாவிட்டால் நோயே இல்லை என்று சொல்லியும் இருக்கிறோம். ஸ்கானில் தெரியாமலும் இந்த நோய் இருக்கலாம்.

மாற்றவே முடியாது என்றில்லை. அவுஸ்திரேலியாவில் நோயாளிப் பெண்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2017 இறுதியில் சுகாதார அமைச்சர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2018இல் தேசிய செயற்றிட்டம் வந்தது, ஆய்வுக்கும் பணம் வந்தது. மெல்பேணிலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் அக்காமாருக்கு இது தெரிந்திருக்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களே, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கூரைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இத்தனை கடிதம் எழுதிய சங்கம் இது!

இங்கே நாங்கள் செய்யப்போவது சின்ன வேலை. அதிபரின் அனுமதியோடு சிக் றூமுக்கு ஒரு கொப்பி வாங்கியிருக்கிறோம். பிள்ளையின் பெயர் அதில் இராது. திகதி, வகுப்பு, எத்தனை நாள் வரவில்லை, வில்லைக்கு நோவு கேட்டதா இல்லையா, இவ்வளவுதான். மூன்று மாதம் தொடர்ந்து கேட்காவிட்டால் பொறுப்பாசிரியர் தாயைக் கூப்பிட்டுக் கதைப்பார். எங்களில் ஒருவர் பிள்ளையைப் பார்ப்போம். தை மாதம் முதலாம் தவணையோடு அது தொடங்குகிறது.