மறதி நோயும் மூளைப் பயிற்சிப் பெட்டியும்

(ஜவ்வாது மலையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இம்மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் 93 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி நிற்கிறது. எட்டாத நட்சத்திரத்தையெல்லாம் அதில் பார்க்கிறார்கள். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டிக்குப் பெற்ற மகன் பெயரே மறந்துபோனால், அதைப் பார்க்க நமக்குப் பூசாரிதானே கிடைக்கிறான்? பேய் என்கிறான், சூனியம் என்கிறான், கோழி கேட்கிறான். பாட்டியின் மறதி குறைந்ததா? கோழிதான் குறைந்தது!

இது மூளையின் நோய். 1906-லேயே அல்ஸைமர் என்ற ஜெர்மன் டாக்டர், இப்படி மறதியால் வருந்தி இறந்த ஒரு பெண்ணின் மூளையைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, அதிலுள்ள கேட்டை எடுத்துக் காட்டினார். பேய் எதுவும் அகப்படவில்லை.

இது ஒருபுறமிருக்க, பட்டணத்திலே பூசாரிக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் படம் காட்டி, எண் காட்டி, விளையாடச் சொல்லி, மூளை கூர்மையாகும் என்கிறார்கள். நம்மவர்களோ இயந்திரம் என்றவுடனே கும்பிடப் போய்விடுகிறார்கள். இயந்திரம் சொல்லிவிட்டால் மட்டும் ஆதாரம் கேட்கக்கூடாதா? அமெரிக்காவிலே கேட்டார்கள். மறதி நோயைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக லூமாஸிட்டி என்ற கம்பெனியின் மீது அந்நாட்டு சர்க்கார் வியாபாரக் கமிஷன் குற்றம் சாட்ட, 2016-ல் அக்கம்பெனி 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

அதனால் பயிற்சியே புரட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. நோய் முற்றாதவர்களுக்குச் சிறிது பலன் தெரிவதாகச் சில பரீட்சைகள் காட்டுகின்றன. ஆனால் கைநடுக்க நோயான பார்க்கின்ஸனால் புத்தி மங்கியவர்களைப் பற்றிய 7 பரீட்சைகளை 2020-ல் சேர்த்துப் பார்த்தபோது, அவற்றில் இருந்தவர்கள் மொத்தமே 225 பேர். உறுதியாக எதையும் சொல்வதற்கில்லை என்றே முடிந்தது. போதாததற்கு, பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடப்படாத நம் பாட்டியிடம் எழுத்தைக் காட்டி விளையாடச் சொன்னால், அவர் தோற்பது நோயாலா, நம் சமூகத்தின் யோக்கியதையாலா?

சிலருக்கு வரும் மறதி பி12 சத்துக் குறைவாலும் தைராய்டு குறைவாலும் வருவது. அது மருந்துக்குக் கேட்கும். ஆகவே பூசாரிக்கும் பெட்டிக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மருந்துக்குக் கேட்காத மறதியென்றால் வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்க்க ஆள் வேண்டும். இன்று அந்த வேலை முழுவதும் மருமகள் தலையிலேதான். இங்கு வந்திருக்கும் ஆண் தோழர்கள் எத்தனை பேர் நேற்றிரவு அந்தக் கிழவிக்குச் சோறு ஊட்டினீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.