ஓக் மரத்து மஞ்சள் தட்டு

இங்கிலாந்தில் வசந்தம் முடியும் நாட்களிலிருந்து இலையுதிர் காலம் வரை, காட்டுக்குள் மரங்களையே அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் சிலரைக் காணலாம். அவர்கள் தேடுவது தரையில் குடை விரிக்கும் காளானை அல்ல. அடிமரத்தில் அடுக்கடுக்காகத் தட்டுப்போல் நீட்டிக்கொண்டு நிற்கும் காளானை. ‘சிக்கன் ஆஃப் தி வுட்ஸ்’ என்பார்கள். அறிவியலில் லேட்டிபோரஸ் சல்ஃபியூரியஸ். மேலே ஆரஞ்சு, ஓரத்தில் பளீர் மஞ்சள். தொலைவிலிருந்தே கண்ணில் படும்.

கண்ணில் படுவதாலேயே ‘புதியவர்களுக்கு ஏற்ற காளான்’ என்று இதற்கு ஒரு நற்சான்று உண்டு. அதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நிறம் நம்மை மரத்தடி வரை கூட்டிப்போகும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

தேர்ந்தவர் காளானைத் தொடுமுன் மரத்தைப் பார்ப்பார். ஓக், செர்ரி, செஸ்ட்நட் என்றால் நல்லது. யூ மரத்திலும் இது வளரும். யூ மரமோ, விதையைச் சுற்றிய சிவப்புச் சதை ஒன்றைத் தவிர, முழுக்க நஞ்சு. அந்த நஞ்சு காளானில் ஏறுமா ஏறாதா என்று வாதாடாமல் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், சரியான முடிவு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஊசியிலை மரங்களிலும் யூக்கலிப்டஸிலும் வளரும் இதன் உறவினங்கள் 2001-இல்தான் தனி இனங்களாகப் பிரித்து விவரிக்கப்பட்டன. அவற்றைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. மரம் தெரியாதவருக்கு இந்தக் காளானும் தெரியாது என்றே சொல்வேன்.

அடுத்தது, அடிப்பக்கம். அங்கே ஏடு ஏடான மடிப்புகள் இருக்கவே கூடாது. ஊசிமுனை அளவுத் துளைகள்தான் இருக்க வேண்டும். வட அமெரிக்காவின் கிழக்கில் ‘ஜாக் ஓ லாண்டர்ன்’ என்ற ஆரஞ்சுக் காளான் மரத்தடியில் கொத்தாக முளைக்கிறது. கடும் வாந்தியைக் கொண்டுவரும் அதன் அடியில் மடிப்புகள். திருப்பிப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

துளை இருந்தாலே போதும், மரத்துத் தட்டுக்காளானில் நஞ்சு கிடையாது என்ற பழைய நம்பிக்கை ஒன்று உலவுகிறது. அது தவறு. இலவங்கப்பட்டை நிறத்தில் ஹாப்பலோபைலஸ் என்று ஒரு சிறிய தட்டுக்காளான் இருக்கிறது. அதற்கும் அடியில் துளைகள்தான். அதிலுள்ள பாலிபோரிக் அமிலம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். காரத் துளி பட்டால் ஊதாவாக மாறுவது அதன் அடையாளம்.

இனி, பருவம். இளம் ஓரம் மெத்தென்று ஈரமாக இருக்கும், அதுதான் உணவு. முற்றியது வெளிறி, சுண்ணக்கட்டிபோல் உதிரும். நல்ல கை ஓரத்தை மட்டும் அரிந்து எடுக்கும், அடுக்கு முழுவதையும் பெயர்க்காது. காளானின் உயிர் மரத்துக்குள் நூல் நூலாக ஓடுகிறது. ஓரத்தை அரிந்ததால் அது சாகாது. உள்ளே தொடர்ந்து மரத்தின் வைரப்பகுதியை அரித்துப் பொந்தாக்கும், அந்தப் பொந்தில் வௌவால்கள் குடியேறும்.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, தானாக முளைத்த காளானை விற்பனை நோக்கமின்றிப் பறிப்பது திருட்டாகாது. ஆனால் லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் காளான் பறிக்கவே தடை. எந்தக் காடு, அங்கே என்ன விதி என்று விசாரிக்காமல் கத்தியோடு கிளம்புவது அழகல்ல.

ருசியை மட்டும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். நார் நாராகக் கிழிவது கோழியேதான். சுவையோ மந்தம், வெண்ணெயும் பூண்டும் கைகொடுக்க வேண்டும். பச்சையாகத் தின்னவே கூடாது. நன்றாக வெந்த பிறகும் சிலருக்குக் குமட்டல் வரும், உதடு வீங்கும். அதனால் முதல் தடவை இரண்டு வாய் போதும். மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கலாம். சமைக்காத துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால், தின்றது என்னவென்று மருத்துவர் கேட்கும்போது அதை எடுத்துக் காட்டலாம்.