காட்டினுள் கிடக்கும் கொங்கிரீட் தொட்டி

மத்திய மலைநாட்டிலே ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா முதலிய பகுதிகளில் தேயிலை மலைகளுக்கு மேலே இன்னும் சிறு காடுகள் எஞ்சியிருக்கின்றன. அக்காடுகளுள் விறகு தேடிச் செல்வோர் சிலவேளை விசித்திரமான ஒரு கட்டடத்தைக் காண்பதுண்டு. நாற்புறமும் தடித்த கொங்கிரீட் சுவர்கள். கூரை இல்லை, வாயில் இல்லை, சன்னல் இல்லை. சுவரெங்கும் பாசி படர்ந்திருக்கும். உள்ளே சருகும் சேறும் நிறைந்திருக்க, அவற்றின் நடுவே மரமொன்று வேரூன்றி வளர்ந்திருக்கும். அருகிலே வீடும் இல்லை, பாதையும் இல்லை. "இதனை இங்கே கட்டியவர் யார்? எதற்காகக் கட்டினார்?" என்னும் கேள்வி காண்பவர் உள்ளத்தில் இயல்பாகவே எழும்.

விடை தெரியாத இடத்திலே கதை முளைத்துவிடுகிறது. சீதா எலிய அருகிலிருப்பதனால் இராவணனோடு தொடர்புபடுத்துவோர் உளர். இரண்டாவது உலக யுத்தக் காலத்துப் பதுங்கிடம் என்பார் சிலர். வெள்ளைக்காரத் துரை நீராடிய குளம் என்பார் வேறு சிலர். புதையல் இருக்கும் என்று நம்பி அடித்தளத்தைத் தோண்டிப் பார்ப்போரும் இல்லாமலில்லை. இக்கதைகள் யாவும் கட்டடத்தைத் தனியே எடுத்துக்கொண்டு பிறந்தவை. சுற்றிலும் உள்ள நிலத்தோடு சேர்த்து அதனை நோக்கினால் உண்மை மெல்லத் துலங்கும்.

முதலாவதாக, தொட்டியின் மேற்புறத்தை நோக்க வேண்டும். அங்கே மலைச்சரிவின் குறுக்காக, ஏற்றமும் இறக்கமும் அதிகமின்றி, ஒரு பள்ளம் நெடுந்தூரம் ஓடியிருக்கும். மானாப்புல் மூடிய அப்பள்ளம் ஒரு காலத்து வாய்க்கால். அதனைப் பின்பற்றிச் சென்றால், ஓர் ஓடையின் குறுக்கே கட்டப்பட்ட சிறிய தடுப்பணையைக் காணலாம். இரண்டாவதாக, தொட்டியின் கீழ்ப்புறச் சுவரிலே, அடிமட்டத்திற்குச் சற்று மேலே, வட்டமான ஒரு துவாரம் இருக்கும். அதன் முன்னே இரும்புக் கம்பிச் சல்லடை பொருத்திய தடங்களும் இருக்கலாம். மூன்றாவதாக, அத்துவாரத்திலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி நேர்கோடாக இறங்கும் சிறிய தூண்களைத் தேட வேண்டும். நான்காவதாக, அக்கோடு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறத்திலோ, அதனை அடுத்த ஒரு பாழடைந்த சிறு கட்டடத்திலோ சென்று முடியும்.

இந்நான்கையும் ஒன்று சேர்த்தால் புதிர் விடுபடுகிறது. ஓடை நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து, தொட்டியிலே தேக்கி, மணலையும் சருகையும் அங்கேயே தடுத்து, தெளிந்த நீரை இரும்புக் குழாயினூடாகச் செங்குத்தாக இறக்கி, கீழேயுள்ள சக்கரத்தைச் சுழலச் செய்தார்கள். மிகுதியான நீர் வான் வழியே வெளியேறியது. மண்டியைக் கழுவி விடுவதற்கு அடியிலே ஒரு மடை இருந்தது. காட்டிலே கிடப்பது தோட்டத்துத் தொழிற்சாலையை இயக்கிய நீர்த்தொட்டியாகும்.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டிலே தேயிலையைப் பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயினால் அழிந்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. கொழுந்தைக் கையினால் உருட்டிய காலம் போய் உருட்டு யந்திரங்கள் வந்தன. யந்திரத்தை இயக்க விசை வேண்டும். மலையிலே நிலக்கரி இல்லை. மழையும் ஓடையும் வேண்டிய அளவு உண்டு. எனவே முதலில் மரச் சக்கரங்களும், பின்பு இரும்பாலான டர்பைன்களும் நீரினால் சுழன்றன. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் நிறுவனத்தின் டர்பைன்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தன. ஆரம்பத்தில் சக்கரத்தின் சுழற்சியைத் தோற்பட்டிகள் மூலம் நேரே யந்திரங்களுக்குக் கொடுத்தார்கள். பின்னர் டைனமோவை இணைத்து மின்சாரம் எடுத்தார்கள். ஒரு காலத்திலே 500க்கு மேற்பட்ட தோட்ட நீர்மின் அமைப்புகள் மலைநாட்டில் இருந்தன எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்வளவு சிறிய ஓடையால் என்ன ஆகும் என்று சிலர் ஐயுறலாம். ஒரு செக்கனுக்கு 50 லீற்றர் நீர், 60 மீற்றர், அதாவது ஏறத்தாழ 200 அடி உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். அதனிடம் ஏறத்தாழ 29 கிலோவாற்று வலு உண்டு. குழாயிலும் சக்கரத்திலும் டைனமோவிலும் வீணாவது போக, 18 கிலோவாற்று கைக்கு எட்டும். நாற்பது வாற்று மின்குமிழ்கள் 450ஐ ஒரே நேரத்தில் எரிப்பதற்கு அது போதுமானது. உயரந்தான் இங்கே செல்வம். அதனாலேயே தொட்டியைத் தொழிற்சாலைக்கு அருகில் கட்டாது, காட்டின் உச்சியிலே கட்டினார்கள்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தோன்றியது 1950ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட கட்டடங்களுக்கெல்லாம் சீமெந்து கடல் கடந்தே வந்தது. புகையிரதம் 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்துவிட்டதனால், கொழும்பிலிருந்து மலையடிவாரம் வரை அதனைக் கொண்டு சேர்ப்பது எளிதாயிற்று. அதற்கு மேல் காட்டு உச்சிவரை ஏற்றுவது மனிதர் வேலை. தொட்டிச் சுவரைக் கூர்ந்து நோக்குவோர், கொங்கிரீட் வார்ப்பதற்கு அடித்த பலகைகளின் தடத்தைச் சில இடங்களிலே இன்றும் காணலாம். மரத்தின் வரிகூடப் பதிந்திருக்கும். அப்பலகையை அடித்தவர் பெயரும், கல்லுடைத்தவர் பெயரும், வாய்க்கால் வெட்டியவர் பெயரும் எங்கும் பதியவில்லை.

இத்தகைய அமைப்பு பின்னர் ஏன் கைவிடப்பட்டது? அதற்கும் மலைநாட்டிலேயே விடை உண்டு. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு மின்நிலையம் அமைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீர்வலுவைப் பயன்படுத்தலாம் என்று 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். 1924இல் தொடங்கிய வேலை இடையிலே நின்று, நெடுங்காலத் தாமதத்தின் பின் 1950இல் லக்சபான மின்நிலையமாக நிறைவேறியது. பெரிய மின்கம்பிகள் தோட்டங்களை நோக்கி வந்தன. வாய்க்காலில் மண் சரிந்தால் அதை அகற்ற ஆள் வேண்டும். கோடையிலே ஓடை வற்றினால் யந்திரம் நின்றுவிடும். கம்பி வழியே வரும் மின்சாரத்துக்கோ இத்தொல்லைகள் இல்லை. ஒவ்வொரு தோட்டமாக ஓடையைக் கைவிட்டது. குழாய்கள் பழைய இரும்பாகப் போயின. பெயர்த்தெடுக்க முடியாத கொங்கிரீட் மட்டும் காட்டிலே தங்கிவிட்டது.

கட்டடம் பயனற்றுப் போனதற்குக் காரணம் இதுவாகும். அது புதிராகிப் போனதற்குக் காரணம் வேறு. வாய்க்காலைத் தினமும் நடந்து பார்த்தவரும், சல்லடையில் அடைத்த சருகை நள்ளிரவு மழையிலே வாரியவரும், டர்பைனின் ஓசையைக் கேட்டே நீரின் அளவைச் சொன்னவரும் தோட்டத் தொழிலாளரே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியா செல்ல வேண்டுமென்றும், 300,000 பேர் இலங்கைக் குடிகளாக வேண்டுமென்றும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 150,000 பேர் பற்றி 1974இல் முடிவாயிற்று. தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்திற்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. சென்றவர்களுட் சிலர் நீலகிரியிலே, தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். ஒரு தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் போகும்போது, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்ற அறிவும் அதனுடன் போய்விட்டது. துரைமாரின் கணக்கேடுகள் அவ்வறிவைக் கேட்டதுமில்லை, எழுதியதுமில்லை.

ஆயினும் யாவும் மறைந்துவிடவில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளிலே தொழிலாளர் ரோதைமுனி என்னும் தெய்வத்தை வழிபடும் வழக்கம் உண்டு. யந்திரத்தால் தீங்கு நேராமல் காக்கும் தெய்வம் அது. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் சொல். போர்த்துக்கேய மூலத்தைக் கொண்டது. சுழலும் சக்கரத்தை அச்சத்தோடும் மதிப்போடும் அருகிருந்து பார்த்த மக்களின் நினைவு அவ்வழிபாட்டிலே தங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஓடை தந்த மின்சாரம் தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் ஒளி வீசிய காலத்திலே, தொழிலாளரின் லயன் அறைகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. பல லயன்களுக்கு மின்சாரம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான். மேலே சொன்ன கணக்கின்படி, 18 கிலோவாற்றிலே மிகச் சிறு பங்கே ஒரு லயனுக்குப் போதுமாயிருந்திருக்கும். நீர் குறைவினால் அவர்கள் இருளில் இருந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

எண்ணெய் விலை ஏறிய பின், 1980களில், கைவிடப்பட்ட சில அமைப்புகள் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டன. 1990களிலிருந்து சிறு நீர்மின் நிலையங்கள் பல எழுந்து தேசிய மின்கட்டமைப்புக்கு மின்சாரம் விற்று வருகின்றன. ஆகவே காட்டுத் தொட்டி கடந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. மாணவர்களுக்கு அது நல்லதொரு பாடமாகும். ஆசிரியர் துணையோடு சென்று, தொட்டியின் ஆழத்துக்கு அஞ்சி வெளியே நின்றே அளந்து, வாய்க்கால் வந்த வழியையும் குழாய் இறங்கிய கோட்டையும் படம் வரையலாம். ஓடையிலே மாதந்தோறும் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று குறிக்கலாம்.

அனைத்திற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லயன்களிலே எண்பது வயதைக் கடந்த பாட்டன்மாரும் பாட்டிமாரும் இன்னும் சிலர் இருக்கின்றனர். சிறுவயதில் தந்தைக்குச் சோறு கொண்டுபோன இடம் அந்த வாய்க்கால் கரையாக இருந்திருக்கலாம். வாய்க்காலைப் பார்த்தவர் யார், டர்பைனை இயக்கியவர் யார், தொட்டியை எப்பெயரால் அழைத்தனர் என்று அவர்களிடம் கேட்டு, பெயர்களோடு எழுதி வைத்தல் வேண்டும். கொங்கிரீட் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். முதியோர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.