இணைய வெளியில் ஆற்றுப்படை

  

வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றவன், பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இத்துறையைச் சார்ந்தன. பொருட்செல்வம் குறித்து அன்று நிகழ்ந்த அச்செயல், கல்விச் செல்வம் குறித்து இன்று கைப்பேசியில் நிகழ்கின்றது. "இந்த யூடியூப் பாடத்தைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பை இடுகின்ற ஒவ்வொருவரும் ஆற்றுப்படுத்துவோரே. அவர்களுள் பெற்றவர் எத்தனை பேர் என்பதுதான் வினா. தலைப்பையும் முகப்புப் படத்தையும் கண்ட அளவிலேயே, பாடத்தை ஒருமுறையேனும் கேளாது, பிறர்க்கு அனுப்பிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வழி சொல்லும் முறை எண்ணத்தக்கது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கும். நடந்து உண்டவன் வாய்மொழி இது. மலைபடுகடாமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் இடம் எது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கத்திலிருந்து வரும் என்றெல்லாம் கூத்தன் எச்சரிக்கின்றான். நன்னனைப் புகழ வந்த பெருங்கௌசிகனார், அவனிடம் செல்லும் வழி கடினமானது என்பதை மறைக்கவில்லை.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் காணொளிப் பாடங்கள் உயர்ந்தவை. கட்டணமின்றி யூடியூபில் கிடைப்பவை. ஆயின் ஒரு பாடம் என்பது பெரும்பாலும் மணிக்கணக்கில் நீளும் நாற்பது சொற்பொழிவுகள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் முதலாண்டில் தடுமாறும் மாணவனுக்கு அதன் இணைப்பை மட்டும் அனுப்பினால் என்ன நேரும்? பத்து நிமிடம் கேட்பான். ஆங்கிலமும் வேகமும் அச்சுறுத்தும். தனக்கு அறிவு போதாது என்று முடிவு கட்டிக்கொண்டு, பிறகு எந்தப் பாடத்தையும் திறவான். எட்டாம் சொற்பொழிவிலிருந்து தொடங்கு, வகைநுண்கணிதம் தெரிந்த பின் வா என்று சொல்லாது விட்டவர் பிழை, மாணவன் தலையில் விழுகின்றது.

சல்மான் கான் (இந்தி நடிகரல்லர்) 2004ஆம் ஆண்டில் தொலைவில் வாழ்ந்த உறவுச் சிறுமி ஒருத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவினரும் கேட்கவே, 2006 முதல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். அதிலிருந்து வளர்ந்ததே கான் அகாதெமி. எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தடை என்று அறிந்து சொன்னதிலிருந்து பிறந்த பாடங்கள் அவை. பரிந்துரைப்போர்க்கும் அவ்வறிவு வேண்டும். யூடியூப் தானே நிரல்படுத்திக் காட்டும் அடுத்தடுத்த காணொளிகளுக்கு அது கிடையாது.

வெளி இணைப்புகள் எவையும் கூடாது என்று சில குழுக்கள் விதி செய்கின்றன. தம் சேனலைத் தாமே நாள்தோறும் பரப்புவோரின் தொல்லை பொறுக்கலாற்றாது பிறந்த விதி அது. வள்ளலே வாயிலில் நின்று தன்னைப் பாடிக்கொள்வது ஆற்றுப்படையாகாதுதான். எனினும் அவர்பொருட்டுக் கதவையே அடைத்தல் மிகை. கேட்டுப் பயன்பெற்றது யாது என நான்கு வரி எழுதாத இணைப்பை ஏற்பதில்லை என்றால் போதும்; விளம்பரக்காரர் தாமே ஒதுங்குவர்.

இணைப்பை அனுப்பாமல், காணொளியையே பதிவிறக்கி, முன்னும் பின்னும் வெட்டி அனுப்புவது வேறொரு தீமை. ஆசிரியர் பெயர் அங்கே அறுபட்டுப் போகின்றது. தம் கவிதை பெயரின்றி ஊர் சுற்றி, ஒருநாள் வேறொருவர் பெயரோடு தம்மிடமே திரும்பி வரக் கண்ட கவிஞர்க்கு இவ்வலியை விளக்க வேண்டுவதில்லை.

இணைப்பும் நிலையானதன்று. 2013ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு, பத்தாண்டு கழித்துக் காண இயலாதவாறு மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. ஆகவே வெறும் முகவரி போதாது. ஆசிரியர் பெயர், பாடத்தின் தலைப்பு, நிறுவனம் ஆகியவற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். முகவரி அழிந்தாலும் பெயரைக்கொண்டு தேடிக் கண்டடையலாம்.

மரபுக்கவிதை பயில இம்மன்றத்தை நாடி வரும் இளையோர்க்கு யாப்புப் பாடக் காணொளிகள் இன்று ஏராளம். அசை பிரிப்பதைத் தெளிவாக உரைப்பது எது, குற்றியலுகரத்தைத் தொடாமலே வெண்பாவுக்குத் தாவிவிடுவது எது, தளை காட்டும் எடுத்துக்காட்டில் எத்தனையாம் நிமிடத்தில் பிழை நேர்ந்துள்ளது என்பன வெண்பா எழுதிப் பழகியோர்க்கே புலப்படும். மூத்த கவிஞர்கள் ஆளுக்கொரு பாடத்தை இறுதிவரை கேட்டு, அதன் பயனையும் குறையையும் அரைப்பக்க அளவில் எழுதித் தருவாராயின், அடுத்த திங்கள் கூட்டத்திலேயே அவற்றை இளையோர் கையில் கொடுத்துவிடலாம்.