முதல் படம் யார் கையில்?
(திருச்சி தென்னூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் ஒரு பகுதி)

ஆசிரியப் பெருமக்களே, பாடத்துக்கென இணையப் பக்கம் தயாரித்தால் நம் கணினியில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறோம். மாணவரோ வேறோர் உலாவியில் திறக்கிறார். 'கொடி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பது கணினிக்குள் பெரும்பாலும் இரண்டே குறியீடுகள்: முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அது தவறினால் கொம்பு தனியே ஒதுங்கும், சில சமயம் புள்ளி வட்டமும் முளைக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தை அதை எப்படி வாசிக்கும்?

2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம், குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி என ஒவ்வொன்றையும் தானே திறந்து பக்கத்தைச் சோதிக்கும். 'கொடி இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால், எழுத்து சிதைந்திருந்தாலும் 'இருக்கிறது' என்றே சொல்லும். குறியீடு சரிதானே! அதனால் பக்கத்தைப் படமெடுக்கச் சொல்லி, சரியான படத்தோடு ஒப்பிட வேண்டும். எழுத்துரு உலாவிக்கு உலாவி சற்றே மாறுவதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் தேவை. அது சரியா என்று சொல்ல, நிரல் எழுதத் தெரிந்தால் போதாது, தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும். கொ, கோ, கௌ, நம் ஊர் ஸ்ரீரங்கம் எல்லாம் வரும் பக்கம் ஒன்று தயாரியுங்கள். முதல் படங்களைத் தமிழாசிரியரிடம் காட்டிய பிறகே இயந்திரத்திடம் கொடுங்கள்.