ஒரு படம், இரு தீர்ப்பு

கணுக்கால் முறிந்தவரின் எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றே; அதை நோக்கும் வைத்தியர் இருவராயின் முடிவும் இரண்டாதல் உண்டு. பிளாஸ்டர்க் கட்டுப் போதுமா, சத்திர சிகிச்சை வேண்டுமா என்பதற்கு முறிவின் வகையும் ஓர் ஆதாரம். ஆதலின் நோயாளியின் நடையே இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

டென்மார்க் நாட்டு லௌகே ஹான்சன் 1950இல், அடிபட்டபோது பாதம் இருந்த நிலையையும் அதைத் திருகிய விசையின் திசையையும் கொண்டு முறிவுகளை வகுத்தார். பெல்ஜியத்தின் டானிஸ் 1949இல் வகுத்து, சுவிற்சர்லாந்தின் வெபர் 1972இல் திருத்திய முறை எளிது. காலின் இரு எலும்புகளும் கீழே பிணையும் இடத்திற்குக் கீழா, நேரா, மேலா வெளிப்புற எலும்பு முறிந்தது என்று மட்டுமே அது நோக்கும்.

வைத்தியரின் உடன்பாட்டை அளப்பது எவ்வாறு? அமெரிக்க உளவியலறிஞர் கோகன் 1960இல் தந்த ‘காப்பா’ என்னும் எண், தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் காட்டும். முழு உடன்பாடு 1; தற்செயலளவே எனின் 0. இவ்வாறு அளந்தபோது வெபர் முறையில் உடன்பாடு பொதுவாகக் கூடுதலாகவும், ஹான்சன் முறையில் குறைவாகவும் காணப்பட்டது. ஒரே வைத்தியர் சில வாரங்கள் கழித்து அதே படத்திற்கு வேறு வகை கூறுதலும் உண்டு.

எனின், எளிய முறையே போதுமோ, நேயர்களே? போதாது. உயரத்தை மட்டும் நோக்கினால் உட்புறக் கணுவின் முறிவும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களின் கிழிவும் கணக்கில் வாரா. பலர் ஒருமித்துச் சொல்லும் பெயர் முழு உண்மையாகிவிடாது. படத்தோடு நில்லாது காலையும் தொட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதே நோயாளிக்குக் காப்பு.